காரைக்குடியிலிருந்து நெப்டியூன் முப்பது கிலோமீட்டர்

குருப்பெயர்ச்சி அன்று பட்டமங்கலம் குரு கோயிலில் கால் வைக்க இடம் இருக்காது. சனிப்பெயர்ச்சி நெருங்கினால் டிவியில் பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்லியே பொழுது போய்விடும். வியாழனையும் சனியையும் இவ்வளவு பேசுகிற நாம், அவை என்ன பொருட்கள், எங்கே இருக்கின்றன, ஏன் அத்தனை மெதுவாக நகர்கின்றன என்று யாராவது கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவோம். பெரியவர்கள் "அது கிரகம்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்த "வாயுக் கோள்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வாயு என்றால் புகை மாதிரி, ராக்கெட்டை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வந்துவிடும் என்ற எண்ணமும் கூடவே இருக்கும்.

ஜோதிடம் சரியா தப்பா என்ற வழக்கை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வானத்துப் பொருட்கள் என்ன என்பதை மட்டும் பார்க்கப்போகிறோம்.

சூரியனைச் சுற்றும் எட்டுக் கோள்களில் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் உள்வட்டத்தில் இருப்பவை. கல்லும் இரும்புமாக இறுகியவை, சிறியவை. அடுத்த நான்கு, வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். இவற்றைத்தான் வெளிக்கோள்கள் என்கிறோம். இவை ஏன் பெரியவை, ஏன் மெதுவானவை, ஏன் இவற்றைப் பற்றி நமக்குக் குறைவாகத் தெரியும் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் பதில் வருகிறது. அது தூரம். அதனால் தூரத்தை முதலில் மனதில் பதித்துக்கொள்வோம்.

பழனி பாதையில் ஒரு சூரியக் குடும்பம்

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சுமார் 15 கோடி கி.மீ. இந்த எண்ணைக் கேட்டால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அந்த 15 கோடியை 1 கி.மீ. என்று சுருக்கி, சூரியனைக் காரைக்குடி நடுவில் வைத்துக்கொள்வோம். பிறகு தைப்பூசத்துக்குக் காவடி போகிற பாதையில், குன்றக்குடி பக்கமாக நடப்போம்.

காரைக்குடியில் இருக்கும் சூரியன் இந்த அளவில் 9 மீட்டர் அகலமுள்ள ஒரு பந்து. 400 மீட்டரில் புதன், 700 மீட்டரில் வெள்ளி, 1 கி.மீ.யில் பூமி, ஒன்றரை கி.மீ.யில் செவ்வாய். இதில் பூமி எட்டரை செ.மீ. அகலம், கையில் பிடிக்கிற ஒரு சாத்துக்குடி. உள்வட்டக் கோள்கள் நான்கும் முடிந்துவிட்டன, நாம் இன்னும் ஊரையே சரியாகத் தாண்டவில்லை.

அதற்கப்புறம் வெகுதூரத்துக்குக் கோள் எதுவும் இல்லை. குன்றக்குடிக்குப் பாதி வழியில், 5.2 கி.மீ.யில்தான் வியாழன் வருகிறது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலமுள்ள பந்து. பூமியைப்போல் பதினொரு மடங்கு அகலம். குன்றக்குடி மலையடிவாரத்துக்குப் போய்ச்சேரும்போது, ஒன்பதரை கி.மீ.யில் சனி, 80 செ.மீ. அகலம். அடுத்த கோளுக்கு இதே அளவு தூரம் மறுபடியும் நடக்கவேண்டும். திருப்பத்தூர் எல்லையில், 19 கி.மீ.யில் யுரேனஸ், 34 செ.மீ. திருப்பத்தூரையும் தாண்டி, சிங்கம்புணரி போகிற வழியில் பாதித் தூரத்தில், 30 கி.மீ.யில் நெப்டியூன், 33 செ.மீ. ஒரு காலத்தில் ஒன்பதாவது கோள் என்று படித்தோமே புளூட்டோ, அது சராசரியாக சிங்கம்புணரி பக்கம். 2006இல் அதைக் குறுங்கோள் என்று வகை மாற்றிவிட்டார்கள்.

இதே அளவில் வெளிச்சத்தின் வேகத்தையும் சுருக்கிப் பாருங்கள். மணிக்கு 7 கி.மீ. சொச்சம்தான் வருகிறது. காவடிக்காரர்களின் வேகநடையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. சூரியனில் விடியக்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் ஒளி எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். சனியை அடைய ஆறு இருபது ஆகிவிடும். நெப்டியூனுக்குப் போய்ச்சேர ஒன்பது பத்து.

வரைபடங்களில் எட்டுக் கோள்களையும் தோளோடு தோள் உரச வரிசையாகப் போடுகிறார்களே, அந்தப் படம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். புத்தகப் பக்கத்தில் இடம் இல்லாததால் அப்படிப் போடுகிறார்கள். கோள்கள் ஒரே சாலையில் வரிசையாக நிற்பதும் இல்லை. ஒவ்வொன்றும் காரைக்குடியை மையமாகக்கொண்டு தன் தூரத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வட்டத்துக்குத்தான் சுற்றுப்பாதை என்று பெயர்.

பெயர்ச்சிக்குள் இருக்கும் கணக்கு

தூரம் கூடினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, சுற்றவேண்டிய வட்டம் பெரிதாகும். இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றைத்தான் மறந்துவிடுகிறோம்: தூரத்தில் சூரியனின் இழுப்பும் குறைந்துபோகிறது. இழுப்பு பலமாக இருக்கும் இடத்தில் கோள் வேகமாக ஓடினால்தான் சூரியனில் விழாமல் சுற்றமுடியும். இழுப்பு குறைந்த இடத்தில் அந்த வேகத்தில் ஓடினால் கைவிட்டுப் போய்விடும். அதனால் வெளியே போகப்போக நடை தளர்கிறது. பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, வியாழன் 13, சனி 10க்குச் சற்றுக் குறைவு, நெப்டியூன் ஐந்தரைகூட இல்லை.

நீண்ட பாதை, தளர்ந்த நடை. இரண்டும் சேர்ந்தால் வருடக்கணக்கு எங்கோ போய்விடுகிறது. வியாழன் ஒரு சுற்று முடிக்க கிட்டத்தட்ட 12 ஆண்டு, சனிக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை, யுரேனஸுக்கு 84, நெப்டியூனுக்கு 165. சதாபிஷேகம் கண்ட ஒருவர் யுரேனஸ் கணக்கில் இன்னும் ஒரு வயதைத் தொடவில்லை. 1846இல் கண்டுபிடிக்கப்பட்ட நெப்டியூன், அதற்கப்புறம் முதல் சுற்றை முடித்ததே 2011இல்தான்.

இப்போது பெயர்ச்சிக்கு வருவோம். வானத்தில் சூரியனும் கோள்களும் போகிற பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு ராசி என்றார்கள். வியாழன் 12 ஆண்டில் 12 ராசி கடக்கிறது, ஆகவே ராசிக்கு ஓர் ஆண்டு. அதனால்தான் குருப்பெயர்ச்சி வருடா வருடம் வருகிறது. சனி 30 ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது, ராசிக்கு இரண்டரை ஆண்டு. உங்கள் ராசிக்கு முந்தையது, உங்கள் ராசி, அடுத்தது என்று மூன்றைக் கடக்க ஏழரை ஆண்டு. ஏழரைச் சனி என்று பயந்து பயந்து சொல்கிற எண்ணுக்குள் சனியின் சுற்றுக்காலம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக் குறித்துவைத்த கணக்கு அது. பலன் எப்படியோ, கணக்கு நயமானது.

அறுபதாம் சாந்திக்கும் இதே கதைதான். வியாழன் ஐந்து சுற்று முடிக்க 59 ஆண்டு சொச்சம். சனி இரண்டு சுற்று முடிக்க 59 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒருவர் அறுபதைத் தொடும்போது இரண்டும் அவர் பிறந்தபோது இருந்த இடத்துக்கு ஏறக்குறைய திரும்பி வந்திருக்கும். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருட வட்டமும் வியாழனின் நடையை ஒட்டி வந்ததுதான். கண்ணால் பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் மேற்கு வானில் ஒட்டினாற்போல் நின்றன, நினைவிருக்கும். அது மகர ராசியில் நடந்தது. அதற்கு அறுபது ஆண்டுக்கு முன், 1961 பிப்ரவரியிலும் இரண்டும் மகரத்தில்தான் சேர்ந்தன. இரண்டு முறையும் தமிழ் வருடம் சார்வரி.

சரி, வக்கிரம்? "முன்னால போற சனி பின்னால திரும்புதுங்கறாகளே, அது எப்படிப்பா?" என்று பட்டமங்கலத்து வரிசையில் ஓர் ஆச்சி கேட்டார்கள். நல்ல கேள்வி. சனி ஒருநாளும் திரும்புவதில்லை. நம் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமி காரைக்குடியைச் சுற்றி 1 கி.மீ. வட்டத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து குன்றக்குடி மலையைப் பார்த்தால், நாம் ஒரு பக்கம் நகர நகர மலை அதன் பின்னால் தெரியும் அடிவானத்தில் எதிர்ப்பக்கம் நகர்வதுபோல் தெரியும். மலை அசையவில்லை, அசைந்தது நாம். சனி மெல்ல முன்னே போய்க்கொண்டேதான் இருக்கிறது. உள்வட்டத்தில் ஓடும் பூமி வருடத்துக்கு ஒருமுறை அதை முந்தும்போது, நாலரை மாதத்துக்கு அது நட்சத்திரங்களுக்கிடையே பின்னோக்கிப் போவதுபோல் நம் கண்ணுக்குப் படுகிறது. வியாழனுக்கு இது நாலு மாதம்.

இதுவரை வந்ததைக் கொஞ்சம் தொகுத்துக்கொள்வோம். வெளிக்கோள்கள் நாம் நினைப்பதைவிட மிகத் தள்ளி இருக்கின்றன. தள்ளி இருப்பதால் பாதை நீளம், சூரியனின் பிடி தளர்வு, அதனால் நடை மெதுவு. பெயர்ச்சிக் காலங்கள் இந்த நடையின் அளவுகள்.

தள்ளி இருப்பவை மட்டும் ஏன் பெரிதாயின?

இதுதான் கட்டுரையின் மையம், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் உருவானபோது அதைச் சுற்றி ஒரு பெரிய தட்டு சுழன்றுகொண்டிருந்தது. வாயுவும் தூசியும் கலந்த தட்டு. அதில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 98 பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும். இரண்டும் மிக இலேசான வாயுக்கள், சூரியக் குடும்பத்தில் எந்தக் குளிரிலும் தாமாக உறைந்து கட்டியாவதில்லை. மிச்சம் இருந்த இரண்டு பங்கில்தான் கல், இரும்பு, தண்ணீர், மீத்தேன், அம்மோனியா எல்லாம்.

கோள் உருவாக முதலில் கெட்டிப்பொருள் வேண்டும். தூசி தூசியோடு ஒட்டி, மணலாகி, பாறையாகி, மலையாகி வளரவேண்டும். வாயு அப்படி ஒட்டாது. சூரியனுக்குப் பக்கத்தில் இருந்த சூட்டில் தண்ணீர் ஆவியாகவே இருந்தது. அங்கே ஒட்டிக்கொள்ளக் கிடைத்தவை கல்லும் உலோகமும் மட்டும். அவை இருந்ததோ கொஞ்சம். அதனால்தான் பூமியும் அதன் உறவுகளும் சிறியவையாக நின்றுவிட்டன.

வெளியே போகப்போகச் சூடு தணிகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் நீராவி நேரடியாகப் பனித்துகளாக உறைந்துவிடும். அந்த எல்லைக்குப் பெயர் பனிக்கோடு. நம் பாதையில் அது காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய மூன்று கி.மீ., செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே. கல்லையும் இரும்பையும்விடத் தண்ணீருக்கான சரக்கு அண்டத்தில் தாராளம். ஹைட்ரஜன், ஹீலியத்துக்கு அடுத்து அதிகமாகக் கிடைப்பது ஆக்சிஜன்தான். ஆகவே கோட்டுக்கு அந்தப்பக்கம் கல், இரும்போடு பனியும் கெட்டிப்பொருளாகச் சேர்ந்தது. கட்டுமானச் சரக்கு சட்டென்று கூடிவிட்டது.

அங்கே உருவான கட்டி வளர்ந்து பூமியைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு எடையை எட்டியதும் ஆட்டமே மாறியது. அதன் ஈர்ப்பு இப்போது ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு வலுத்துவிட்டது. தட்டில் 98 பங்கு இருந்தது அவைதானே? அள்ள அள்ளக் குறையாத சரக்கு. அள்ளியதால் ஈர்ப்பு கூடியது, ஈர்ப்பு கூடியதால் இன்னும் அள்ளியது. வட்டிக்கு வட்டி ஏறுவதை நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இப்படி முந்திக்கொண்டது வியாழன். பூமியைப்போல் 318 மடங்கு எடை. மற்ற ஏழு கோள்களையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் வியாழன் அதைப்போல் இரண்டரை மடங்கு. அடுத்தது சனி, 95 மடங்கு.

யுரேனஸும் நெப்டியூனும் ஏன் இந்த அளவு வளரவில்லை? அங்கேயும் தூரம்தான். அவ்வளவு வெளியே சரக்கு பரவலாகக் கிடந்தது, எல்லாம் மெதுவாக நகர்ந்தது, கட்டி வளர நேரம் பிடித்தது. வளர்ந்து வாயுவை அள்ளத் தயாரானபோது வாயுவே தீர்ந்துபோயிருந்தது. இளம் சூரியனைச் சுற்றியிருந்த அந்த வாயுத் தட்டு சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிட்டது என்பதுதான் இன்று பெரும்பாலான வானியலாளர்கள் ஒத்துக்கொள்ளும் விளக்கம். பந்திக்குப் பிந்தியவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம். யுரேனஸ் பூமியைப்போல் பதினாலரை மடங்கு, நெப்டியூன் 17 மடங்கு.

சுருக்கிச் சொன்னால், பனிக்கோட்டுக்கு வெளியே பனி கெட்டிப்பொருளாகக் கிடைத்தது, அதனால் பெரிய கட்டிகள் உண்டாயின, பெரிய கட்டிகள் வாயுவை இழுத்துக்கொண்டன. முந்திய இரண்டும் வாயுவால் பெருத்தன. பிந்திய இரண்டுக்கும் பெரும்பாலும் பனிச்சரக்குதான் மிச்சம். நான்கையும் ஒரே வாயில் "வாயுக் கோள்கள்" என்று சொல்வது அதனால் பொருந்தாது. வியாழனும் சனியும் வாயுப் பெருங்கோள்கள். யுரேனஸும் நெப்டியூனும் பனிப் பெருங்கோள்கள்.

வியாழனுக்குள் இறங்கினால்

ராக்கெட் இந்தப்பக்கம் நுழைந்து அந்தப்பக்கம் வருமா? இதை ஊகிக்கவேண்டியதில்லை, ஒருமுறை இறக்கியே பார்த்துவிட்டார்கள். கலிலியோ விண்கலம் விடுத்த ஆய்வுக்கலம் ஒன்று 1995 டிசம்பர் 7 அன்று வியாழனுக்குள் பாய்ந்தது. நொடிக்கு 47 கி.மீ. வேகம். வெப்பக் கவசம் கரைந்து, பாராசூட் விரிந்து, மேகங்களுக்குள் இறங்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அது தகவல் அனுப்பியது. மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் காற்று அடித்தது. இறங்க இறங்க அழுத்தமும் சூடும் ஏறின. பூமியின் காற்றழுத்தத்தைப்போல் இருபது மடங்குக்கு மேல் போய், சூடு 150 டிகிரியைத் தாண்டியபோது தகவல் வருவது நின்றுவிட்டது. அப்போது அது இறங்கியிருந்த ஆழம் 150 கி.மீ. அளவுதான். வியாழனின் மையம் அதற்கும் கீழே கிட்டத்தட்ட 70,000 கி.மீ.

கவனிக்கவேண்டியது, அது எதன்மீதும் மோதவில்லை. மோதுவதற்குத் தரையே கிடையாது. இன்னும் கீழே போனால் வாயு நெருக்கப்பட்டு நெருக்கப்பட்டுத் திரவமாகிறது. கடலுக்கு இருப்பதுபோல் "இதோ மேற்பரப்பு" என்று காட்ட ஒரு கோடும் இல்லை. எந்த இடத்தில் வாயு முடிந்து திரவம் தொடங்கியது என்று சொல்லமுடியாதபடி மெல்ல மெல்ல மாறுகிறது. அதற்கும் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் ஹைட்ரஜன் உலோகம்போல் நடந்துகொள்கிறது, மின்சாரத்தைக் கடத்துகிறது. உலோக ஹைட்ரஜன் என்று இதைச் சொல்வார்கள். வியாழனின் பிரம்மாண்டமான காந்தப்புலம் இங்கிருந்துதான் பிறக்கிறது. நடுவில் கல்லுருண்டை மாதிரி ஒரு கரு இருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2016 முதல் வியாழனைச் சுற்றும் ஜூனோ விண்கலம் அளந்ததில், கரு ஓரம் தெரியாமல் மேலுள்ள ஹைட்ரஜனோடு கலந்து கரைந்ததுபோல் இருப்பதாகத் தெரிகிறது.

வாயுக் கோள் என்பது எந்தச் சரக்கால் ஆனது என்பதற்கான பெயர். மேலே வாயு, உள்ளே பெரும்பாலும் நசுங்கிய திரவம்.

இன்னொரு பேச்சு, வியாழன் "நட்சத்திரமாக ஆகத் தவறியது", கொஞ்சம் பெருத்திருந்தால் இரண்டாவது சூரியனாகியிருக்கும் என்பது. கொஞ்சம் போதாது. நடுவில் ஹைட்ரஜன் எரிந்து நட்சத்திரமாக ஒளிர, அது இன்றுள்ளதைப்போல் சுமார் 80 மடங்கு எடையாக இருக்கவேண்டும்.

சனி: தண்ணீரில் மிதக்குமா?

சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, லிட்டருக்கு 700 கிராம்கூட வராது. அதை வைத்து "தண்ணீரில் போட்டால் சனி மிதக்கும்" என்று பள்ளிக்கூடம் தோறும் சொல்கிறார்கள். அடர்த்தியைப் பதியவைக்க நல்ல வாசகம். ஆனால் ஊருணியில் தேங்காய் மிதப்பதுபோல் நினைத்துக்கொள்ளக்கூடாது. மேற்பரப்பே இல்லாத வாயுவும் திரவமும் கொண்ட அந்த உருண்டை, எந்தத் தண்ணீரிலும் உருண்டையாக நின்று மிதக்காது. அதைத் தாங்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்தால் அந்தத் தண்ணீரே ஒரு பெரிய கோள் ஆகிவிடும்.

வளையங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. அவை தகடு போன்றவை இல்லை. தூசி அளவு முதல் வீட்டளவு வரை எண்ணிக்கையில் அடங்காத பனிக்கட்டிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சனியைச் சுற்றுகின்றன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுமார் 2,80,000 கி.மீ., தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்தான். வளையம் சனிக்கு மட்டும் உரியதும் இல்லை. நான்கு வெளிக்கோள்களுக்கும் உண்டு, மற்ற மூன்றுக்கும் மங்கல்.

திருப்பத்தூருக்கு அப்பால்

நம் கோயில்களில் நவக்கிரகச் சந்நிதியில் யுரேனஸும் நெப்டியூனும் கிடையாது. காரணம் எளிது: வெறுங்கண்ணுக்கு யுரேனஸ் தெரிந்தும் தெரியாத புள்ளி, நெப்டியூன் தெரியவே தெரியாது. யுரேனஸை 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் தன் கையால் செய்த தொலைநோக்கியில் கண்டார். அவர் தொழிலால் இசைக்கலைஞர். முதலில் அதை வால்நட்சத்திரம் என்றுதான் நினைத்தார்.

நெப்டியூன் கிடைத்த விதம் இன்னும் சுவை. யுரேனஸ் கணக்குப்படி போகாமல் கொஞ்சம் தடம் பிசகிக்கொண்டே இருந்தது. வெளியே ஏதோ ஒன்று இழுக்கிறது என்று பிரான்சில் லெவெரியே என்ற வானியலாளர் தாளில் கணக்குப்போட்டு, வானத்தில் இந்த இடத்தில் பாருங்கள் என்று பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு அங்கிருந்த வானியலாளர் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. கண்ணுக்கு முன் கணக்கில் அகப்பட்ட கோள் அது.

பனிப் பெருங்கோள் என்றதும் ஐஸ் உருண்டை என்று நினைக்கத் தோன்றும். வானியலில் பனி என்பது தண்ணீர், மீத்தேன், அம்மோனியா என்ற சரக்குகளுக்கு இட்ட பொதுப்பெயர். உருவானபோது அவை உறைந்திருந்தன, அதனால் அந்தப் பெயர் நிலைத்தது. இன்று அந்தக் கோள்களுக்குள் அவை ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில், பயங்கர அழுத்தத்தில், கூழ்போல் நெருங்கிக் கிடக்கின்றன. வெளியே மட்டும்தான் கடுங்குளிர். யுரேனஸின் மேல்வானில் மைனஸ் 224 டிகிரி வரை பதிவாகியிருக்கிறது.

யுரேனஸ் படுத்துக்கொண்டே சுற்றுகிற கோள். அச்சு 98 டிகிரி சாய்ந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு துருவத்துக்கும் சுமார் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. நெப்டியூனோ சூரியனிடமிருந்து வாங்குவதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தை உள்ளிருந்து வெளியே விடுகிறது. பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு கிடைக்கும் இடத்தில், மணிக்கு 2,000 கி.மீ.யைத் தொடும் காற்று அடிக்கிறது. தூரம் எல்லாவற்றையும் விளக்கும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு இந்த இரண்டும் கொஞ்சம் அடங்காத பிள்ளைகள்.

இவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தது ஒரே ஒரு கலம், வாயேஜர் 2. 1977இல் கிளம்பி 1986 ஜனவரியில் யுரேனஸ், 1989 ஆகஸ்டில் நெப்டியூன். அதற்கப்புறம் அந்தப்பக்கம் யாரும் போகவில்லை. நெப்டியூனை நீங்கள் கருநீலமாகப் பார்த்திருப்பீர்கள். அது அந்தப் பயணத்தின் படங்களில் மேகங்கள் துலங்கவேண்டும் என்று நிறத்தைக் கூட்டியதால் வந்தது. 2024இல் பழைய தரவுகளைத் திரும்ப அலசி, நெப்டியூனும் யுரேனஸைப்போல் வெளிர்ந்த பச்சைநீலம்தான், ஒரு சாயல் மட்டும் கூடுதல் நீலம் என்று காட்டினார்கள். ஆனாலும் கருநீலப் படம் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதே 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 இன்று நம் பாதையில் கிட்டத்தட்ட 170 கி.மீ. போய்விட்டது. பழனி வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, கோள் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி விட்டுவிட்டு மங்கியது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் அறிந்தது அப்படித்தான். அந்த நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. காவலூர் இருப்பது இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில். நாம் யுரேனஸை வைத்தது சிவகங்கை மாவட்டத்து நம்ம திருப்பத்தூரில், காவலூர் இருப்பதோ வாணியம்பாடிப் பக்கத்துத் திருப்பத்தூர். குழப்பிக்கொள்ளவேண்டாம்.

மொட்டைமாடியில் பார்க்க

வியாழனுக்குத் தொலைநோக்கி தேவையில்லை. இரவு வானில் நிலவுக்கும் வெள்ளிக்கும் அடுத்தபடி பெரும்பாலும் அதுதான் பளிச். கண் சிமிட்டாது. சாதாரண பைனாகுலர் போதும், ஆனால் கை ஆடக்கூடாது, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். வியாழனை ஒட்டி ஒரே கோட்டில் நான்கு சிறு புள்ளிகள் தெரியும். சில நாள் மூன்றுதான் தெரியும், ஒன்று மறைந்திருக்கும். அவை வியாழனின் நிலவுகள்: அயோ, யூரோபா, கேனிமீட், காலிஸ்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு. அடுத்தடுத்த இரவுகளில் பார்த்து ஒரு தாளில் வரைந்து வாருங்கள். உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், வெளியே இருக்கும் காலிஸ்டோவுக்கு 17 நாள். தூரம் கூடினால் நடை தளரும் என்ற விதி அங்கேயும் அப்படியே செல்லும்.

சனியின் வளையத்தைப் பார்க்கச் சிறிய தொலைநோக்கியாவது வேண்டும், 25 மடங்கு பெரிதாக்கினாலே வளையம் என்று தெரிந்துவிடும். பெட்டியில் "500 மடங்கு" என்று போட்டு விற்கிற பொம்மைகளை வாங்காதீர்கள். கண்ணாடியின் அகலமும், ஆடாத முக்காலியும்தான் முக்கியம். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக் கிட்டத்தட்ட மறைந்தே போனது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்தைக் காட்டும். வாங்குகிறவர்கள் இப்போது வாங்கலாம்.

சனிக்கு எத்தனை நிலவு என்று பிள்ளைகள் கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்த்து 274 ஆக்கினார்கள், பொது அறிவுப் புத்தகங்கள் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. வியாழனின் நான்கு புள்ளிகளில் யூரோபாவின் உறைந்த மேலோட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருப்பதற்கான தடயங்கள் பலமாக உள்ளன. அதை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோபா கிளிப்பர் விண்கலம் 2030இல் வியாழனை அடையவேண்டும். ஐரோப்பியர்களின் ஜூஸ் கலம் 2031இல் போய்ச்சேர்ந்து, பிறகு கேனிமீட்டைச் சுற்றப்போகிறது.